பெரட்டுக் குரல்

"சடையன்" என்று கிராணி கூப்பிட்டார். "இருக்கேங்க" என்றான் அங்கமுத்து. இரண்டரை வருஷமாக நாள் தவறாமல் நடக்கிற காரியம் இது. மழை பெய்து ரப்பர் வெட்டு இல்லாத நாளிலும் காலையில் ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டு உண்டு, பெரட்டில் கணக்கு எழுதுகிற கிராணி செக்ரோல் நோட்டைப் பிரித்து வரிசையாகப் பேர் சொல்வதும் உண்டு, தம்பி பேருக்கு அண்ணன் குரல் கொடுப்பதும் உண்டு. குரல் கொடுக்கும்போது பெண்கள் வரிசைப் பக்கம் மட்டும் அவன் திரும்ப மாட்டான். அங்கே நாலாவதோ ஐந்தாவதோ ஆளாகப் பாவாயி நிற்பாள், சடையன் தாலி கட்டின பாவாயி, தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நெற்றியில் பொட்டோடு. புருஷன் பேரைக் கூப்பிடுவதையும், புருஷனுக்கு மூத்தவன் அதற்கு வாய் திறப்பதையும் தினம் காதால் கேட்டுவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு மரத்துக்குப் போவாள். இன்றைக்குச் செக்ரோலை மூடின கிராணி உடனே நகரவில்லை. "பால் ஊத்துனதும் எல்லாரும் இங்கயே வந்துரணும். வூட்டுக்குப் போயிடக் கூடாது. சர்க்கார்லேருந்து கார்டு எழுத வர்றாங்க. போட்டோ பிடிப்பாங்க, கைநாட்டு வாங்குவாங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும்" என்றார். கடைசி வார்த்தையை அங்கமுத்துவைப் பார்த்துத்தான் சொன்னார். நேற்றுச் சாயங்காலமே ஆபீஸுக்குப் பின்னால் தனியாக நிறுத்திச் சொல்லியிருந்தார்: "சடையன், பெண்சாதி பாவாயி. அவ்வளவுதான். வேற ஏதாச்சும் உளறி வெச்ச, உனக்கும் இங்க சோறு இல்ல, எனக்கும் இல்ல, பாத்துக்க." சரிங்க ஐயா என்று தலையை ஆட்டிவிட்டுத்தான் வந்தான்.

முன்பெல்லாம் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டோடு போய் வெட்டுவார்கள். காட்டுக்குள் துப்பாக்கிக்காரர்கள் இருக்கிறார்கள் என்று சர்க்கார் சொன்ன நாளிலிருந்து விடிந்த பிறகுதான் மரத்துக்கு விடுகிறார்கள். அந்தத் துப்பாக்கிக்காரன் யார், தோட்டத்து ஆள் யார் என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கார்டாம். முதல் மரத்தின் முன்னால் நின்றபோது அவனுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல ஆளைப் பிடித்தீர்கள். நேற்று வெட்டின கோட்டில் காய்ந்து கிடந்த பாலை நகத்தால் கிளப்பி நாடாவாக உரித்துக் கூடையில் போட்டான். பால் பிடிக்கிற மங்கைத் துடைத்து நிமிர்த்தி வைத்தான். உளியை இடப்பக்க மேல் முனையில் கொடுத்து வலப்பக்கம் சரிவாக இழுக்க, பட்டை சுருண்டு விழுந்து, பின்னாலேயே பால் கோடு பிடித்து இறங்கியது. ஐயா, நான் சடையன் இல்லைங்க, அங்கமுத்து. இது முதல் மரத்துக்கு. சடையன் என் தம்பிங்க. இது இரண்டாவது மரத்துக்கு. அவன் செத்துப்போயிட்டானுங்க. மூன்றாவது மரத்தில் கை கொஞ்சம் அழுந்திவிட்டது. உளி பட்டையைத் தாண்டிக் கட்டையைத் தொட்டால் மரத்துக்குக் காயம். வெட்டைச் சரிபார்க்க வருகிற தண்டல் பார்த்தால் விரலை விட்டுக் காட்டித் திட்டுவார். குனிந்து பார்த்தான். தொடவில்லை, பிழைத்தது. மூன்றே வாக்கியம். முந்நூற்றைம்பது மரம் கிடக்கிறது, சொல்லிச் சொல்லிப் பழகிக்கொள்ள இது போதாதா? பழகிக்கொண்டு மத்தியானம் மேஜைக்கு முன்னால் நின்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் சாயங்காலமே மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஜப்பான்காரன் காலத்தில் வெள்ளைக்காரனை எதிர்த்துச் சண்டை போட்ட அந்தப் பட்டாளத்துக்குப் போய்வந்த எவனையும் வேலைக்கு வைக்காதே என்பது துரையின் உத்தரவு. வேறு ஆள் பேரில் வேலை செய்தவன், அதுவும் துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவன் என்றால் இந்தக் காலத்தில் லாரியில் ஏற்றிக்கொண்டு போய் உள்ளே வைத்தாலும் வைப்பார்கள். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் சர்க்கார் காகிதத்தில் சடையன் உயிரோடு இருப்பான், என் மூஞ்சியோடு. பாவாயி எனக்குப் பெண்சாதி ஆகிவிடுவாள், பேசாமல், கேட்காமல், எவனோ எடுக்கிற ஒரு போட்டோவில். செத்தவன் செத்தான் என்று எந்தக் காகிதத்திலும் இருக்காது. அடுத்த மரத்துக்கு நகர்ந்தான்.

இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது என்று தேடினால் ஒரு சின்னப் பொய்யில்தான் போய் முட்டுகிறது. கப்பலில் வந்து இறங்கும்போது இவனுக்கு ஒன்பது வயசு, சடையனுக்கு ஐந்து. நாமக்கல் பக்கத்து மண்ணும் வேண்டாம், அந்தக் கடலைக்காட்டு வெயிலும் வேண்டாம் என்று கூட்டிக்கொண்டு வந்த அப்பனும் ஆத்தாளும் வந்த நாலாம் வருஷம் ஒரே மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டார்கள். புல்லுப் பிடுங்குகிற சின்னப் பிள்ளைகளுக்கும் பெரட்டு உண்டு. சடையன் தூங்குமூஞ்சி. எழுப்பினால் எழுந்து உட்கார்ந்து மறுபடி தூங்குவான். பேர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது, கூலி போய்விடும், அரிசியும் போய்விடும். அதனால் இவன் தன் பேருக்கு ஒரு குரலும், தம்பி பேருக்குக் கீச்சென்று ஒரு குரலும் கொடுத்துவிட்டு, கிராணி தலையைத் திருப்பினதும் ஓடிப்போய் அவனைத் தூக்கிக்கொண்டு வருவான். பெரியவர்கள் சிரிப்பார்கள், காட்டிக்கொடுக்க மாட்டார்கள். அவர்களிலும் பாதிப் பேர் அதைத்தான் செய்தார்கள். குளிரில், கும்மிருட்டில், ஒற்றை அரிக்கன் விளக்கை வைத்துக்கொண்டு பேர் வாசிக்கிறவருக்கு மூஞ்சியா தெரியும், குரல்தான். அண்ணனுக்குத் தம்பி, மாமனுக்கு மருமகன், காய்ச்சல்காரனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் என்று தோட்டமே ஒருத்தனுக்கு ஒருத்தன் குரல் கொடுத்துத்தான் பிழைத்தது. பிறகு சடையன் வளர்ந்தான், குரல் உடைந்தது, இவனுக்குப் பதிலாக அவன் கொடுக்க ஆரம்பித்தான். அதுவும் எப்படி? தொண்டையை இறுக்கி, அண்ணன் எரிச்சலோடு சொல்கிற மாதிரியே, கட்டைக் குரலில் 'இருக்கேங்க'. பின்னால் நிற்கிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "ஏன்டா, நான் அப்படியாடா சொல்றேன்?" என்று கேட்டால், "நீ சொல்றதக் காட்டிலும் நல்லாச் சொல்றேன், போ" என்பான். அந்தக் குரலை நினைத்ததும் இவன் கை நின்றுவிட்டது. பால் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது, ஒரு மங்கில், பிறகு பக்கத்து மங்கில்.

அங்கமுத்து உப்பு வாங்கப் போனான். அதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ரங்கூனில் பிடிபட்ட பிறகு விசாரித்த வெள்ளைக்காரன்கூட, எதற்காக அந்தப் பட்டாளத்தில் சேர்ந்தாய் என்று துபாஷியை விட்டுக் கேட்டபோது, உப்பு வாங்கப் போனேனுங்க என்று சொல்லித் துபாஷியைச் சிரிக்க வைத்தான். ஆனால் அதுதான் நிஜம். ஜப்பான்காரன் காலம், உப்பு கிடைத்தால் தங்கம் கிடைத்த மாதிரி. டவுனில் யாரோ வைத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு கல் நடந்து போனான். திடலில் கூட்டம். மேடையில் யாரோ இந்தியில் பேச, இன்னொருத்தர் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். தேசம், ரத்தம் என்று பெரிய பெரிய சொல்லாக வந்ததில் பாதி இவனுக்குப் பிடிபடவில்லை. ஒன்று மட்டும் பிடிபட்டது: "இந்தப் பட்டாளத்தில் உங்களை யாரும் கூலி என்று கூப்பிட மாட்டார்கள்." அந்த ஒரு வார்த்தைக்குக் கால் தானாகப் போய் வரிசையில் நின்றது. அன்றைக்கே லாரி, அன்றைக்கே முகாம். தம்பிக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டாமா? வேண்டும். ஆனால் வரிசையில் நிற்கும்போது என்ன நினைத்தான் என்பது இவனுக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது, அதுதான் கொல்லுகிறது. சடையன் சமாளிச்சுக்குவான், ரெண்டு மூணு நாளைக்கு என் பேருக்குக் குரல் குடுத்துக்குவான், அதுக்குள்ள ஆள் விட்டுச் சொல்லி அனுப்பிடலாம். இப்படித்தான் நினைத்தான். தம்பியின் வாயை நம்பித்தான் போனான். முகாமில் காக்கிச் சட்டை கொடுத்தார்கள். ஒரே அண்டாவில் ஆக்கின சோற்றை எல்லாச் சாதிக்காரனும் ஒன்றாக உட்கார்ந்து தின்றார்கள். காலையில் ஒரு பஞ்சாபிக்காரர் 'சிப்பாய் அங்கமுத்' என்று பேரைக் கடித்துக் கூப்பிடுவார், இவன் நெஞ்சை நிமிர்த்தி 'ஹாஜிர் சாப்' என்பான். என்ன சந்தோஷமாக இருந்தது அப்போது. தோட்டத்தை விட்டுப் போன மூன்றாம் நாள் காலையிலும் அப்படித்தான் சொல்லியிருப்பான். அதே காலையில், அதே பேருக்கு, இங்கே தோட்டத்துப் பெரட்டில் இன்னொரு வாயும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

சடையன் தெரிந்து சொன்னானா, தெரியாமல் சொன்னானா? உளி போகிறது வருகிறது, மரம் மாறுகிறது, இந்தக் கேள்வி மட்டும் மாறுவதில்லை. ஜப்பான்காரன் கடிகாரத்தை அவன் ஊர் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் தள்ளி வைத்திருந்தான், அதனால் பெரட்டு நடு இருட்டிலேயே வந்துவிடும். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும், லயத்து வீடுகளில் கல்யாணம் ஆகாதவர்களை எழுதிக்கொடு என்று மேலே இருந்து வந்திருந்தது. எழுதினதில் அங்கமுத்து பேர் இருந்தது. சடையன் கல்யாணம் ஆனவன், அவன் பேர் இல்லை. அன்றைய கிராணி அந்தப் பட்டியலைச் செக்ரோலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, தினம் வாசிக்கிற மாதிரியே வாசித்தாராம். தண்டல் நல்லுசாமி சொல்வது இது: "பேர் கூப்புட்டாங்க, ஒந்தம்பி ஒன்னாட்டமே இருக்கேங்கன்னான். அப்பறந்தாம்பா லாரி லைட்டப் போட்டாங்க. அதுவரைக்கும் லாரி நிக்கிறதே ஒருத்தருக்கும் தெரியாது." அப்படியானால் தெரியாமல் சொன்னான். ஆனால் கிணற்றடி வீட்டுக் காமாட்சி வேறு மாதிரி சொல்கிறாள்: "யாரு சொன்னா? லாரி முந்துன நாளே வந்து நின்னுச்சே! சயாமுக்குத்தான்னு லயம் பூராவும் குசுகுசுன்னு பேசிக்கிட்டுத்தான இருந்தோம்." அப்படியானால் தெரிந்து சொன்னான். அங்கமுத்து ஓடிப்போனான் என்று தெரிந்தால் தேடிப் பிடித்து அடித்தே கொன்றுவிடுவார்கள் என்று, அண்ணனைக் காப்பாற்ற, ஆளாகப் போய் நின்றுவிட்டான். நிற்கும்போது என்ன நினைத்தான்? பாசத்தோடு நினைத்தானா, இல்லை, பாவி என்னை மாட்டிவிட்டுப் போய்விட்டானே என்று வயிறெரிந்து நினைத்தானா? தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். எனக்குத் தலைப்பாகையாகப் போனவன் கூடப் பிறந்தவன். பாவாயி அன்றைக்குப் பெண்கள் வரிசையில் நின்றிருந்தாள். அவளுக்குத் தெரியும். அவளிடம் கேட்க இவனுக்கு இரண்டரை வருஷத்தில் தைரியம் வரவில்லை. கேட்டு, அவள் சொல்லிவிட்டால் அப்புறம் என்ன செய்வது?

வெயில் மரத்துக்குள் சாய்வாக இறங்கத் தொடங்கியது. கொசு காதில் பாடியது. பர்மாவிலும் இதே கொசுதான், பேர்தான் வேறு. சண்டை என்று எல்லாரும் கேட்கிறார்கள், இவன் பார்த்த சண்டை புதருக்குள் சுட்டதும் புதருக்குள்ளிருந்து சுட்டதும்தான். எதிரே யார் இருந்தான் என்று கடைசி வரை தெரியாது. அதற்குப் பிறகு நடை. மழையில் நடை, அட்டைக் கடிக்குள் நடை, வாழைத்தண்டைத் தின்று கழிந்துகொண்டே நடை. கூட வந்தவர்கள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடியே செத்துப்போனார்கள். தூங்கிக்கொண்டே நடக்காமல் இருக்க இவன் ஒரு வழி கண்டுபிடித்தான்: தோட்டத்துப் பெரட்டை மனசுக்குள் வாசித்தான். முதல் பேரிலிருந்து கடைசிப் பேர் வரை, கிராணி மாதிரியே வாசித்து, ஒவ்வொருத்தர் குரலிலும் தானே பதில் சொல்லிக்கொண்டு நடந்தான். அங்கமுத்து என்று வரும்போது சடையன் கட்டைக் குரலில் சொல்வான். அதைக் கேட்டு அந்த மழையிலும் இவனுக்குச் சிரிப்பு வரும். அந்தச் சமயத்தில் சடையன் சயாமில் உயிரோடு இருந்தானா? இல்லை. பிறகு நாளைக் கூட்டிப் பார்த்ததில் அவன் அதற்கு முந்தின மழைக்காலமே போய்விட்டான். செத்துப்போனவன் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நான் நடந்து தப்பித்திருக்கிறேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

திரும்பி வந்து லயத்துக்குள் நுழைந்தபோது பாவாயி குழாயடியில் இருந்தாள். இவனைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, இவன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள், இன்னொருத்தன் வருகிறானா என்று. பாதையில் யாரும் இல்லை. உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். அவ்வளவுதான் வரவேற்பு. பிறகுதான் மற்றவர்கள் சொன்னார்கள். சயாமிலிருந்து உயிரோடு மீண்ட முனியன் என்கிற வேறு தோட்டத்துக்காரன் வந்து, அங்கமுத்து என்று ஒருத்தன் பேதி கண்டு போய்விட்டான் என்று சொன்னானாம். முனியன் அவன் மூஞ்சியைப் பார்க்கவில்லை. அந்த முகாமில் காலைதோறும் அந்தப் பேரைக் கூப்பிடுவார்கள், ஒரு கட்டைக் குரல் பதில் சொல்லும், ஒரு நாள் பதில் வரவில்லை, மறுநாள் பேரையே கூப்பிடவில்லை, அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். இப்போதிருக்கிற கிராணி செக்ரோலில் அங்கமுத்து பேர் மேல் சிவப்பு மையில் கோடு இழுத்துவிட்டார். லயத்து ஜனம், பாவாயிக்கு என்ன செய்வது என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது, அவளே சொன்னாளாம்: "செத்தவரு பேரு என்னன்னு சொன்னாங்களோ அவருக்குச் செய்ங்க." அவர்களும் செய்தார்கள். அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கை அவித்து வைத்து என் பதினாறாம் நாளை நடத்தி, என் கருமாதிக் கிழங்கை லயமே தின்றிருக்கிறது. பாவாயி புருஷனுக்கு மூத்தவன் செத்தால் முழுகுகிற முறைக்குத் தலையை முழுகிவிட்டு, பொட்டை வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். ஆம்பிளைப் பேர் இல்லாத வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம் ஒன்று. பேர்தானே செத்தது, பேரை மாற்றிக்கொண்டு போனவன் இன்னொரு பேரை மாற்றிக்கொண்டு எங்காவது இருக்க மாட்டானா என்ற ஆசை இன்னொன்று. நான் வந்து நின்ற மறுநாள் கிராணி யோசித்தார். அவருக்கும் வெட்டு ஆள் வேண்டும். "உன் பேரு செத்துப்போச்சு, சடையன் பேரு சாகல. நாளைக்கு அதுக்குக் குரல் குடு" என்றார். கொடுத்தேன். அன்றிலிருந்து அவள் ஆக்கி வைக்கிறாள், வீட்டு நடுவில் போட்ட தடுப்புக்கு இந்தப் பக்கம் தட்டு வருகிறது, தின்கிறேன். செத்தவனுக்குத் தினம் சோறு போடுகிறாள், உயிரோடு இருக்கிறவனுக்கு அழாமல் இருக்கிறாள். இதில் எது யார் என்று யோசிக்கப் போனால் மண்டை கலங்கிவிடும்.

பத்து மணிக்குச் சங்கு ஊதியது. பால் எடுக்கக் கிளம்பினான். மங்கு மங்காகக் கவிழ்த்து விரலால் வழித்து வாளியில் விட்டுக்கொண்டே மர நிரையின் கோடிக்கு வந்தபோது, பக்கத்து நிரையில் பாவாயி குனிந்திருந்தாள். மூத்தவனோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் அவர்கள் சனத்தில் இல்லை. பேச வேண்டியது இருந்தால் நாயிடம் பேசுவாள், அடுப்பிடம் பேசுவாள், காது இருக்கிறவன் கேட்டுக்கொள்ள வேண்டும். இப்போது வாளியிடம் பேசினாள்.

"மத்தியானம் என்ன சொல்லப் போறாங்களாம், வாளி?"

அவன் மரத்தைப் பார்த்துச் சொன்னான்: "கிராணி அவரு சொன்னதையே சொல்லுங்கிறாரு, மரமே. எனக்கு ஒப்பல."

"எழுதுனா எழுதுனதுதானாம். அழிக்க முடியாதாம், தண்டலு சொல்லுச்சு." மங்கை வழித்த விரல் நின்றது. "அவுங்க பட்டாளத்துலேருந்து வந்ததுலேருந்து ஒருத்தரும் அவுங்க பேரச் சொல்லிக் கூப்புடலியே. கஷ்டமாத்தான இருக்கும். இல்ல, வாளி?"

இவ்வளவு நாளும் அவள் தனக்காக மட்டுமே நொந்துகொண்டிருப்பாள் என்று நினைத்தது எவ்வளவு மடத்தனம். இப்போது கேட்டுவிடலாம், அன்றைக்குத் தெரிந்து சொன்னானா தெரியாமல் சொன்னானா என்று மரத்தைக் கேட்டுவிடலாம். "நான் இன்னிக்கு உள்ளதச் சொல்லிடப் போறேன், மரமே. ஊட்ட விட்டுத் தொரத்துனா, ரெண்டு பேரையுந்தான் தொரத்துவாங்க. அதுக்கும் மனசத் தயார் பண்ணிக்கணும்" என்று மட்டும் சொன்னான்.

பாவாயி நிமிர்ந்தாள். வாளியைப் பார்க்கவில்லை, மரத்தையும் பார்க்கவில்லை. தலைத்துணியை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டு, "பால் கட்டிக்கப் போவுது" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கினாள்.

பால் ஊற்றி முடித்துப் பெரட்டுக் களத்துக்கு வந்தபோது வெயில் தலைக்கு மேல் வந்துவிட்டது. மேஜை போட்டிருந்தார்கள். சர்க்கார் ஆள் ஒருத்தர், கண்ணாடி போட்ட தமிழர். பக்கத்தில் கிராணி செக்ரோலோடு. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு சீனப் போட்டோக்காரர். ஒவ்வொருத்தர் கையிலும் நம்பர் எழுதின ஒரு கற்பலகையைக் கொடுத்து நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொல்லி எடுத்தார். கைநாட்டு வைக்கிற இடத்தில்தான் தாமதம். வெட்டுக்காரர்கள் கட்டைவிரலில் பால் காய்ந்து தோல் மேல் ஒரு தோலாக ஒட்டியிருந்தது, அதில் ரேகை எங்கே விழும்? உரிச்சிட்டு வாங்க, உரிச்சிட்டு வாங்க என்று போலீஸ்காரர் கத்திக்கொண்டிருந்தார். எல்லாரும் வரிசையில் நின்றபடியே விரலை உரித்தார்கள். அங்கமுத்துவும் உரித்தான். நான் சடையன் இல்லைங்க, அங்கமுத்து. சடையன் என் தம்பிங்க. அவன் செத்துப்போயிட்டானுங்க. வாக்கியம் மூன்றும் வழவழவென்று பழகியிருந்தன. முந்நூற்றைம்பது மரத்துக்கு முந்நூற்றைம்பது தடவை. பயம் இருந்தது, ஆனால் இவ்வளவு நாள் இருந்த மாதிரி இல்லை. பட்டாளத்தில் புதருக்குள் இறங்குவதற்கு முன்னால் இருக்குமே, அந்த மாதிரி, வாய் வறண்டு, மனசு மட்டும் தெளிந்து. போகட்டும். உள்ளே வைத்தால் வைக்கட்டும். ஒரு தடவை உரக்கச் சொல்லிவிட வேண்டும். அவள் அழட்டும். ஐந்து வருஷத்துக்கு மேலே ஒரு மனுஷன் அழுவார் இல்லாமல் கிடக்கிறான். முன்னால் மூன்று பேர், இரண்டு பேர், ஒருத்தர்.

"சடையன்" என்று கிராணி கூப்பிட்டார்.

"இருக்கேங்க" என்றான் அங்கமுத்து.

சொன்னது தான்தான் என்று புரியவே அவனுக்கு ஒரு மூச்சு பிடித்தது. மூன்று வாக்கியமும் தொண்டையிலேயே இருந்தன. அவற்றைத் தாண்டிக்கொண்டு வாய் தன் பாட்டுக்குப் போய்விட்டது. இவன் நினைக்கவே இல்லை. பேர் வந்தது, குரல் போயிற்று. அடப்பாவி, இப்படித்தானா? இவ்வளவுதானா? லாரி நின்றதா, நிற்கவில்லையா, பாசமா, வயிற்றெரிச்சலா, எதுவும் இல்லை. பெரட்டில் பேர் கூப்பிட்டார்கள், சின்ன வயசிலிருந்து பழகின வாய் பதில் சொல்லிவிட்டது, சொன்ன பிறகுதான் சடையனும் இப்படித் திகைத்து நின்றிருப்பான், லாரி வெளிச்சம் கண்ணில் அடிக்க. தெரிந்துமில்லை, தெரியாமலுமில்லை. அந்த வாயைப் பழக்கினவன் நான். சர்க்கார் ஆள் அதற்குள் எழுதிக்கொண்டிருந்தார். "சடையன். பெண்சாதி?" "பாவாயி" என்றார் கிராணி அவசரமாக. "கூப்பிடுங்க அந்தம்மாவை. ரெண்டையும் ஒண்ணா முடிச்சிடலாம்."

பாவாயி வந்து நின்றாள். "புருஷன் பேர் என்னம்மா?" என்று அவர் நிமிராமல் கேட்டார். பின்னாலிருந்து காமாட்சி, அவள் வாயால் எப்படிச் சொல்வாள் என்று, "சடையனுங்க" என்று எடுத்துக்கொடுத்தாள். பொம்பளைகளுக்கு ஒருத்திக்கு ஒருத்தி அப்படித்தான் எடுத்துக்கொடுத்து வந்தார்கள் வரிசை தொடங்கினதிலிருந்து. சர்க்கார் ஆளுக்கு அலுத்துவிட்டது. "அந்தம்மாவே சொல்லட்டும். வாய் இருக்குல்ல?" என்றார். வரிசையில் சிரிப்பு எழுந்தது. பாவாயி மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சடையன்" என்றாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. கட்டினவள் கட்டினவன் பேரைச் சொல்லிக் கேட்டது அந்தத் தோட்டத்தில் அதுதான் முதல் தடவை. அங்கமுத்துவும் முதல் தடவையாகக் கேட்டான், அவள் குரலில் அந்தப் பேரை. "சடையன். எம் புருஷங்க. அவரு இல்லைங்க. சயாமுக்குப் போயி செத்துப்போயிட்டாருங்க." தலையை மட்டும் அங்கமுத்து பக்கம் அசைத்தாள். "இந்தா நிக்கிறவுங்க அவரு அண்ணன். பட்டாளத்துக்குப் போயிட்டு உசுரோட வந்தவுங்க. இவுங்க பேருக்கு ஒரு கார்டு எழுதுங்கய்யா. எனக்கு அறுத்தவள்னு எழுதுங்க." சொல்லிவிட்டு, கட்டைவிரலில் மிச்சமிருந்த பாலை உரித்தாள். உரித்து முடியவில்லை. அப்படியே மேஜைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் சத்தமே வரவில்லை. பிறகு வந்தது. காமாட்சி ஓடிவந்து கட்டிக்கொண்டாள், இன்னொருத்தி வந்தாள், பெண்கள் வரிசையே கலைந்து அவளைச் சுற்றி உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதது. தண்டல் நல்லுசாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கிராணி செக்ரோலை மூடி இரண்டு கையையும் அதன் மேல் வைத்துக்கொண்டார், அது எங்கேயோ எழுந்து ஓடிவிடப் போகிறது என்பது போல. ஆபீஸ் வராந்தாவில் துரை எழுந்து நிற்பது தெரிந்தது. நாளைக்கு இந்தக் களத்தில் நான் நிற்கப் போவதில்லை என்று அங்கமுத்துவுக்குத் தெரிந்தது. அழுகை வந்தது, தம்பிக்காக, தாராளமாக வந்தது, துடைக்கவில்லை.

சர்க்கார் ஆள் எழுதினதை அடித்தார். அந்த அழுகைச் சத்தத்தில் அவர் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. "அப்போ உன் பேர் என்னய்யா? நீயே சொல்லு."

"அங்கமுத்து."

சொல்லிவிட்டு, பழக்கத்தில், ஒரு நொடி பேசாமல் நின்றான். பின்னால் வரிசையிலிருந்து ஒரு கட்டைக் குரல் வரும் என்று காது அதுவாகக் காத்துக்கொண்டிருந்தது. வரவில்லை.

"இருக்கேங்க" என்றான்.